பழைய பிக்கப் வண்டியும் துருவின் வேதியியலும்

முன்னுரை

இரும்பை அழிக்க வாளும் வேண்டா, நெருப்பும் வேண்டா. காற்றும் நீரும் போதும். வேலியில் கட்டிய கம்பி முதல் கடல்மேல் நிற்கும் பாலம் வரை இவ்வுண்மையை நாள்தோறும் காண்கிறோம். வேதியியல் பாடநூலில் 'அரிமானம்' என்ற தலைப்பில் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும் இச்செய்தி, ஒரு பழைய வண்டியை வீட்டிலேயே புதுப்பிக்க முயல்வோரை மாதக்கணக்கில் வேலை வாங்கிவிடுகிறது. அவ்வாறு வேலை வாங்கப்பட்டவர்களுள் நானும் ஒருவன். அதில் கற்ற பாடத்தை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டில் ஜீப் வகைப் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றவும், கடையிலிருந்து உரம் கொண்டுவரவும் என் தந்தையார் பழையதாக வாங்கியது. 2021ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு முன் நானும் சித்தப்பாவும் இரண்டே நாளில் அதற்கு வண்ணம் அடித்தோம். துரு தெரிந்த இடங்களை உப்புத்தாளால் மேலாகத் தேய்த்தோம். குழிகளைப் பட்டி வைத்து நிரப்பினோம். அதன்மேல் எனாமல் பூசினோம். சந்தனம் குங்குமம் வைத்த அன்று வண்டி புதுமாப்பிள்ளை போல் நின்றது. பொங்கலுக்குள் கதவின் அடிவிளிம்பில் கொப்புளங்கள் கிளம்பின. அடுத்த மழைக்காலத்தில் ஓட்டுநர் காலடித் தகடு பொத்துக்கொண்டு, தந்தையாரின் கால் தரை வரை இறங்கிவிட்டது. வண்டி அப்போது நின்றிருந்தது நல்ல காலம். "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றார் அவர். ஒருமுறை முறைப்படி செய்து பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கினேன். முதல் முறை ஏன் தோற்றோம் என்பதை அறிந்த பிறகே மீண்டும் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.

துரு என்பது யாது?

துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. இது உருவாவது வெறும் வேதிவினை அன்று. ஒரு சிறு மின்கலத்தின் வேலை. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டு அயனியாகக் கரைகிறது, அது நேர்மின்வாய். அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே மற்றோரிடத்திற்குச் சென்று, அங்குள்ள ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனியாக்குகின்றன, அது எதிர்மின்வாய். இடையிலுள்ள ஈரம் மின்பகுளி. ஈரத்தில் உப்புக் கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகும். கடற்கரை ஊர்களில் வண்டிகள் விரைந்து துருப்பிடிப்பது இதனாலேயே.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஆக்சிஜன் மிகுதியாகக் கிடைக்கும் இடம் அரிக்கப்படுவதில்லை. குறைவாகக் கிடைக்கும் இடமே அரிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் யூலிக் எவன்ஸ் (1889-1980) ஒரே ஒரு உப்புநீர்த் துளியைக் கொண்டு இதனை விளக்கினார். நம் ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். தேய்த்துத் துலக்கிய இரும்புத் தகட்டின்மீது, பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சிறிது கலந்த உப்புநீரில் ஒரு துளி விட வேண்டும். காற்றுப் படும் விளிம்பில் இளஞ்சிவப்பும், காற்று எட்டாத நடுவில் நீலமும் தோன்றும். நீலம் தோன்றும் இடமே இரும்பு கரையும் இடம்.

இத்துளியைப் பார்த்த பின்புதான் எங்கள் பட்டியின் கதை விளங்கிற்று. பட்டிக்கு அடியில் விட்டுவைத்த துருவும் ஈரமும் துளியின் நடுப்பகுதியைப் போல் ஆகிவிட்டன. மேலே பளபளத்த வண்ணம் அரிப்பைத் தடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது, அவ்வளவே. துருவின் பருமன் அது தோன்றிய இரும்பின் பருமனைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. இடம் போதாமல் அது வண்ணத்தை மேலே தூக்கியது, அதுவே கொப்புளம்.

முதற்பணி கழற்றுதல்

வண்ணம் அடிப்பதற்கு முன் வண்டியைக் கழற்ற வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பை நீக்க வேண்டும். வெல்டிங் வேலை இருப்பின் எரிபொருள் தொட்டியை இறக்கி அப்பால் வைத்துவிட வேண்டும். காலியான தொட்டி நிறைந்த தொட்டியினும் ஆபத்தானது. உள்ளே ஆவி நிற்கும். வண்டியின் அடியில் படுப்பதாயின் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது; தாங்குகட்டைகள் கொடுத்த பின்னரே உள்ளே நுழைய வேண்டும். விளக்கு, கண்ணாடி, ரப்பர்ப் பட்டை, கைப்பிடி ஆகியவற்றைக் கழற்றும்போது படம் எடுத்துக்கொண்டு, அந்தந்த இடத்தின் நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதி வைப்பது நலம்.

கழற்றிய பின்பே நோயின் முழு அளவு தெரியும். கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் மண்ணடைத்துக் கிடந்தன. கால்விரிப்புக்கு அடியில் ஆண்டுக்கணக்கான ஈரம். பின்தொட்டியின் மூலைகளில் உரத்தூள். உரமும் ஓர் உப்பே என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. சேஸியில் ஆழ்ந்த துரு இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டியே தீர வேண்டும். பிரேக் குழாய்களுக்கும் இது பொருந்தும். வண்ணத்தின் குறை கண்ணை உறுத்தும். இவற்றின் குறை உயிரை வாங்கும்.

துருவை நீக்கும் முறைகள்

கம்பி பிரஷும் 80ஆம் எண் உப்புத்தாளும் முதற்கருவிகள். ஒளிரும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளின் வண்ணத்தில், குறிப்பாக மஞ்சள் நிறத்திலும் பழைய பிரைமர்களிலும், ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று வரையறுத்த விதிகள் நம் நாட்டில் 2016இல்தான் வந்தன. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆதலால் பழைய வண்ணத்தை உலர்நிலையில் தேய்க்காமல் நீர் தெளித்தே தேய்க்க வேண்டும். தூசியை வடிகட்டும் முகமூடி அணிய வேண்டும்; கழிவைத் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும்; வேலை உடையுடன் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. தேய்த்து முடித்தவுடன் தகட்டை நன்கு உலர்த்திவிட வேண்டும்.

கீல், கொக்கி போன்ற சிறு பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு முறை எளிது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் துண்டைப் பயன்படுத்தவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதனைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும்.

கை எட்டாத குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி உதவும். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. பாஸ்பேட்டின் காவலுக்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத் தூணில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் தூணின்மேல் ஒரு பாதுகாப்புப் படலம் உருவானது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். வேறுவகைத் துருமாற்றிகளில் டானின் உண்டு. அது துருவுடன் சேர்ந்து கருநீலப் பொருளாகிறது. கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாற்றின்மேல் இரும்புக் காடி பட்டதும் கறுப்பு நிறம் பிறப்பதும் இதே வினையால்தான். நம் முன்னோர் துணிக்குச் சாயமாகக் கண்டதை இன்று இரும்புக்கு மருந்தாகக் காண்கிறோம்.

தகடும் பட்டியும்

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி வைப்பது கந்தலுக்கு மாவு பூசுவதற்கு ஒப்பாகும். அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். எங்கள் வண்டியின் காலடித் தகட்டை டிங்கரிங் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டிற்கே வந்து மாற்றித் தந்தார். "தம்பி, பட்டி என்பது சமன் செய்யத்தான், தாங்குவதற்கு அல்ல" என்று அவர் சொன்னது எந்தப் பாடநூலிலும் எழுதி வைக்கத்தக்கது.

பட்டியை மெல்லியதாகவே வைக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேற்போனால் நாளடைவில் வெடிக்கும். பாலியெஸ்டர்ப் பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே பழைய வண்ணத்தை நீர் தெளித்துத் தேய்க்கச் சொன்ன நாமே, பட்டியை உலர்நிலையில் தேய்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகமூடி இங்கும் தேவை.

பிரைமரும் வண்ணமும்

பிரைமர் என்பது இரும்பையும் வண்ணத்தையும் பிணைக்கும் அடிப்பூச்சு. நாம் நன்கறிந்த ரெட் ஆக்சைடின் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வருவதே. துருவின் உறவினரே துருவைத் தடுக்க வருகிறார் எனலாம்! ஆனால் இது நிலைத்த, மேலும் மாறாத துகள். பூச்சின் பிசினோடு சேர்ந்து தடுப்பாக நிற்கிறது. துத்தநாகத்தூள் மிகுந்த பிரைமர் வேறு வழியில் காக்கிறது. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலக்ட்ரானை இழப்பதால், தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. கப்பலின் செப்புத் தகடுகளைத் துத்தநாகத்தாலும் இரும்பாலும் இவ்வாறு காக்கலாம் என்று ஹம்ப்ரி டேவி 1824ஆம் ஆண்டிலேயே காட்டினார்.

பிரைமர் காய்ந்தபின் 320, 400 எண் தாள்களாலும், வண்ணத்திற்கு முன் 600ஆம் எண் தாளாலும் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். கைரேகை பட்டாலும் அவ்விடத்தில் வண்ணம் சரியாக ஒட்டாது.

வீட்டில் அடிக்க ஏற்றது எனாமலா, டூகோவா என்ற கேள்வி எழும். எனாமல், காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவது. நம் பட்டறைகளில் பொதுப்பெயராகவே வழங்கும் 'டூகோ' 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தின் பெயர். அது தின்னர் ஆவியானதும் உலர்ந்துவிடும். வாரக்கணக்கில் காயவேண்டியிருந்த மோட்டார் வண்ணத்தை மணிக்கணக்கில் காயவைத்தது அதுவே. ஆனால் ஈரக்காற்று மிகுந்த நாளில் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, நீர் படிந்து, வண்ணம் வெளுத்துவிடும். ஆதலால் மழைநாளைத் தவிர்த்து, பனி விலகிய காலைப்பொழுதே ஏற்றது. இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பி.யூ. வண்ணம் நெடுநாள் உழைக்கும். எனினும் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. சாதாரண முகமூடி போதாது. தனிக்குழாய் வழியே தூய காற்று தரும் கவசம் வேண்டும். எனவே அதனை வீட்டில் ஸ்பிரே செய்யாமலிருப்பதே அறிவுடைமை. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து சமையலறை அடுப்பைத் தேடிச் செல்லும் என்பதையும் மறக்கலாகாது.

நிறத்தைத் தேர்வதிலும் சட்டம் உண்டு. ஜீப் என்றதும் பலருக்கு இராணுவப் பச்சையில் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆம் விதிப்படி, ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. பிற நிறத்திற்கு மாற்றினாலும் பதிவுச் சான்றில் அதனைப் பதிய வேண்டும். நாங்கள் பழைய நீலத்தையே வைத்துக்கொண்டோம்.

முடிவுரை

இவ்வளவு பாடுபட்டுப் பூசிய படலங்கள் அனைத்தும் சேர்ந்தும் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒன்றிரண்டு தலைமுடிகளின் கனம். அந்த மெல்லிய திரை தனியே நின்று இரும்பைக் காக்க இயலாது. அதனடியில் உள்ள தூய்மையே காக்கிறது. எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதில் நிறம் அடித்தது மூன்று காலைகள் மட்டுமே.

காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தையும் தன் ஆய்வுப்பொருளாகக் கொண்டுள்ளது. நம் மாவட்டங்களுக்கு அருகிலேயே இத்துறைக்கு இத்தகைய இடம் இருக்கும்போது, வேதியியல் மாணவர்கள் துருவை வெறும் தேர்வுக் கேள்வியாகக் கருதிவிடக் கூடாது.

புதுப்பித்தபின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. தந்தையார் இன்றும் அவ்வண்டியில்தான் தோப்புக்குச் செல்கிறார். புதுத் தகட்டின்மேல் காலை ஊன்றி ஏறும் முன் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பின்கதவுக் கீலின் அருகே மட்டும் ஒரு சிறு கொப்புளம் மீண்டும் எழுந்துள்ளது. அந்த மூலையில், மாலை வெளிச்சம் போய்விட்டதே என்று துருவை முழுதும் எடுக்காமல் பிரைமர் அடித்தவன் நானே. நான் மறந்துவிட்டேன்; இரும்பு மறக்கவில்லை.