சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க: நாஞ்சில் நாட்டு மலைகளில் ஒரு நாள்

நாகர்கோவிலில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் எந்த வீட்டுக்கும் ஒரு மலை உண்டு. தெற்கே மருந்துவாழ்மலை, மேற்கே வேளிமலை, வடக்கே படுத்துக்கிடக்கும் பெண்ணைப் போன்ற தாடகைமலை. 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. ஆனாலும் விடுமுறை வந்துவிட்டால் இங்குள்ள பலரும் திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து அதிகாலையில் புறப்பட்டு, ஒரு மலையை ஏறி இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றுகிறவர்களிலும் பாதிப்பேர் வேண்டிய ஏற்பாடு எதுவும் செய்யாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவரை மனதில் வைத்துத்தான் மலை, நேரம், வழி, தண்ணீர் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

எந்த மலை?

முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று மலைகளைச் சொல்லலாம். அறுபது வயது அத்தையும் எட்டு வயதுப் பிள்ளையும் கூட வருவார்கள் என்றால் சிதறால் போதும். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான், ரயிலில் வருகிறவர்கள் குழித்துறையில் இறங்கலாம். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை; பாறை நிழலும் மரநிழலும் உண்டு. திருச்சாரணத்துமலை என்ற பழைய பெயருடைய அந்தக் குன்றின் உச்சியில் சமணத் துறவியர் தங்கிய குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே உண்டு. பின்னாளில் அது பகவதி கோயிலானது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நடை சிறியதாக இருந்தாலும் மேலே பார்க்க நிறைய இருப்பதால், மெதுவாக வருகிறவருக்கு எதுவும் தவறிப்போவதில்லை.

கால் வலு சோதிக்க வேண்டுமென்றால் மருந்துவாழ்மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தனியாக நிற்கும் மலை இது. நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையில் பொற்றையடி பக்கம் இறங்கினால் அடிவாரத்துக்கு நடந்தே போய்விடலாம். அனுமன் சுமந்துவந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. ஸ்ரீநாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் சிவப் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பு இங்கே பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார். அய்யா வைகுண்டரின் சாமிதோப்பும் அருகில்தான். அதனால் அய்யாவழி அன்பர்களுக்கும் இது புனித மலை. கீழ்ப்பகுதியில் படிகள், பிறகு கரடுமுரடான பாறைவழி. நின்று நிதானித்து ஏறினாலும் ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். தெற்கே குமரிக்கடல், வடக்கே ஆரல்வாய்மொழி காற்றாலைகள், கீழே வயலும் குளமும் தென்னையுமாக நாஞ்சில் நாடு. மாவட்டத்தின் நிலவியலை ஒரே இடத்தில் நின்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

மூன்றாவது, கீரிப்பாறை தாண்டிய காளிகேசம். இது காட்டுவழி. இங்கே விதியே வேறு.

அனுமதி

2018 மார்ச் 11-ஐத் தமிழ்நாட்டில் மலை ஏறுகிறவர் யாரும் மறக்கக்கூடாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்ததில் தப்பிக்க வழி கிடைக்கவில்லை. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், முதன்முறையாக மலைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நடப்பது சட்டப்படி குற்றம்.

வேளிமலையில் குமாரகோயில் வரை யாரும் போகலாம். அதற்கு மேல் காட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். தாடகைமலைக்கும் கீரிப்பாறைக் காடுகளுக்கும் அப்படியே. ‘எங்க ஊர்க்காரர் ஒருத்தருக்கு வழி தெரியும்’ என்பது அனுமதி ஆகாது. யானை நடமாடும் காட்டில், விபத்து நேர்ந்தால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே வெளியில் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இதற்கு நேர்வழி திறந்திருக்கிறது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள்; காளிகேசம் அவற்றில் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். காட்டை ஒட்டிய ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்களுக்கு இதனால் வருமானமும் கிடைக்கிறது. எந்த மரத்தில் தேனடை இருக்கிறது, எந்தத் தடம் நேற்று இரவுடையது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கட்டணம் கூடுதல் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீ பரவும் கோடைக்காலத்தில் வனத்துறை வழிகளை மூடிவிடும். ஆகவே தேதி வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது?

இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. ஆனி, ஆடியில் சாரலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் பெருங்காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மருந்துவாழ்மலை உச்சியில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளும். மார்கழியும் தையும்தான் நடப்பதற்கு மிகப் பொருத்தமான மாதங்கள். மாசி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கிவிடும், புல்லும் காய்ந்துவிடும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையில் வானம் தெளிவாக இருந்து மத்தியானத்துக்குப் பிறகு இடி இறங்குவது இங்கே வழக்கம். இடி கேட்டால் உச்சியில் நிற்கக்கூடாது, தனிமரத்தடியில் ஒதுங்கக்கூடாது, ஒரே இடத்தில் கூடிக்கொண்டும் இருக்கக்கூடாது. இடைவெளி விட்டுச் சீக்கிரம் இறங்க வேண்டும். முந்தைய நாள் இரவு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்து, ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் நடையைத் தள்ளிவைப்பதே சரி.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், பத்து மணிக்குள் வெயில் பாறையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு வழி சொன்னார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆனால் அது குளிர் நாட்டுக் கணக்கு. குமரியின் வெக்கையில், பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில், வருகிற விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஆட்கள்

எட்டுப் பேருக்குக் குறையாமல், பன்னிரண்டுக்கு மிஞ்சாமல் இருந்தால் சமாளிக்கலாம். ஒருவர் முன்னால் நடப்பார், வழியும் வேகமும் அவர் பொறுப்பு. இன்னொருவர் கடைசி ஆள். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது. கூட்டத்திலேயே பொறுமைசாலியான, மலை பழகிய ஒருவரைத்தான் கடைசியில் விட வேண்டும். பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்: அனுபவசாலிகள் எல்லாரும் முன்னால் ஓடிவிட, புதியவர்கள் பின்னால் தனியே திணறுவார்கள்.

வழி பிரியும் இடத்திலெல்லாம் முன்னால் போனவர் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருந்து, தலையை எண்ண வேண்டும். ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவாக வந்தவர் மூச்சு வாங்கியபடி வந்து சேரும்போது, முன்னமே வந்து இளைப்பாறியவர்கள் ‘வந்தாச்சா, போலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஓய்வே இல்லாமல் போய்விடும். கடைசி ஆள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கியபிறகுதான் ஓய்வு நேரமே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ‘அக்கா, பைய வாங்க, நான் இங்கதான் நிக்கேன்’ என்ற ஒரு சொல் போதும், மெதுவாக வருகிறவருக்குப் பாதி களைப்பு போய்விடும். இரண்டாம் ஓய்வுக்குப் பிறகு அவரையே முன்னால், வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நடக்கவிட்டால் கூட்டத்தின் வேகம் தானாகவே சரியாகிவிடும்.

திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்து எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். எட்டே கால் என்றால் எட்டே கால். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான். ஊரில் இருக்கும் ஒருவரிடம் போகிற மலை, ஆட்களின் பெயர், இறங்கும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மலைச்சரிவில் கைப்பேசி சிக்னல் வரும், போகும், அதை நம்பக்கூடாது. ஆளுக்கொரு விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊதினால் அது பல நாடுகளில் மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்த ஆபத்துக் குரல். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும்.

பை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம், கோடையில் மூன்று. மருந்துவாழ்மலையில் மேலே போனால் கடை கிடையாது, நிழலும் குறைவு. வியர்வையில் உப்பு போய்விடுவதால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்த ஒரு பாட்டில் கூட்டத்துக்குப் பொதுவாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு நாஞ்சில் நாட்டில் குறைவா? புளிச்சாதம் வாழையிலையில் கட்டினால் மத்தியானம் வரை கெடாது. நேந்திரங்காய் வற்றல், கருப்பட்டி, கடலை. மட்டிப்பழம் சிறியது, சீக்கிரம் சீரணமாகும், ஏற்றத்தின் நடுவே தின்பதற்கு அதைவிட உகந்தது வேறில்லை. 2023-இல் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. குரங்குகள் உள்ள இடங்களில் உணவை முதுகுப்பைக்குள் வைக்க வேண்டும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை குரங்குக்குச் சாப்பாடாகவே தெரியும்.

அடிப்பக்கம் தேயாத ஷூ, முழுக்கை சட்டை, தொப்பி, ஒரு துண்டு, சிறிய டார்ச், காயத்துக்கு மருந்தும் துணிக்கட்டும். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் மருந்துவாழ்மலையில் உண்டு. பழகிய கால்களுக்கு அது சரி. பழகாதவர்கள் இறங்கும்போது ஷூ போட்டுக்கொள்வது உத்தமம். பாறையில் வழுக்குவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். முழங்கால் லேசாக மடிந்திருக்க, பாதம் முழுவதும் பாறையில் படிய, சிறு அடிகளாக வைத்து இறங்க வேண்டும். சரளைக்கல் உள்ள இடத்தில் ஒருவர் நேர்கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது. மேலே உருளும் கல் கீழே இருப்பவர் தலையில்தான் விழும்.

ஆபத்து வந்தால்

பாம்பு கடித்தால் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கட்டைவைத்துத் தாங்கி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, 108-க்குச் சொல்லி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரம் போக்க வேண்டாம்.

மலைத்தேனீ இருக்கும் பாறைக்கு அருகே புகை, வாசனைத் திரவியம், கூச்சல் மூன்றும் ஆகாது. காளிகேசம் ஆற்றில் இறங்குகிறவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் அந்த நிமிடமே கரையேறிவிட வேண்டும். செருப்பை எடுக்க ஒருவர் திரும்பிப் போவதுகூட ஆபத்து. தூரத்தில் புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடக்கூடாது, தீ சரிவில் மேலே ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறையையோ நீரோடையையோ சேர வேண்டும். கூட்டம் பிரியவே கூடாது.

இறங்கியதும் முதல் வேலை தலையை எண்ணுவது. அடுத்தது, ஊரில் காத்திருப்பவருக்குப் போன். கீரிப்பாறைப் பக்கம் போய்வந்தவர்கள் காலுறையை உருவி அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பு தடவினால் விட்டுவிடும். கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வந்ததா என்று பைகளைத் திறந்து பார்ப்பதும் இங்கேயேதான். சாலையோரக் கடையில் அக்கானி என்கிற பதநீர் கிடைக்கும் காலமானால் ஆளுக்கொரு கோப்பை குடித்துக்கொண்டே அன்றைய நேரங்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம்: எத்தனை மணிக்குக் கிளம்பியது, குகைக்கு வந்தது, திரும்பியது, யாருக்கு எந்த இடத்தில் முழங்கால் வலித்தது, தண்ணீர் எங்கே தீர்ந்தது. காளிகேசத்துக்கு முன்பதிவு செய்யும் நாளில் முதலில் புரட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான்.