முதிர்ந்த விருக்ஷங்கள் வீழ்வதேன்?

திருவொற்றியூர்த் தியாகராஜசுவாமி ஆலயத்தின் மாசிப் பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை ஒரு முக்கிய நிகழ்ச்சியாகும். சுந்தரமூர்த்தி நாயனார் மகிழ மரத்தடியிற் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்த வரலாற்றை அவ்வூரில் அறியாதாரில்லை. நாயனார் காலம் கழிந்து ஆயிரத்திருநூறு ஆண்டுகளாகின்றன. தலத்தின் பெருமை அவ்வளவு காலம் தொடர்ந்து வரலாம். மரத்தின் உடலுக்கோ ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எதனால் நேர்கின்றது என்பதை ஊர்ப் பொதுவிடத்தில் முதுமரமுள்ள ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

பெருமரத்தின் நடுவிலுள்ள வைரம் உயிரற்ற பாகம். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலமும் அதையொட்டிய வெளிக்கட்டையுமே உயிருள்ளவை. ஆதலால் நடு முழுதும் பொந்தான மரமுங்கூடப் பல்லாண்டு தழைத்து நிற்கும். பொந்தைக் கண்டவுடன் மரம் செத்துவிட்டதென்று கோடரி எடுப்பது அவசரபுத்தியேயாகும். உண்மையான சத்துருக்கள் வேறு. ஒடிந்த கிளை, அடித்த ஆணி, வெட்டுண்ட வேர் ஆகிய காயங்களின் வழியாகக் காளான் புகுந்து கட்டையை உளுக்கச் செய்கின்றது. இளமரம் காயத்தை விரைவில் மூடிக்கொள்ளும். முதுமரத்திற்கு அவ்வேகம் குறைவு. இறுதியில் ஒரு புயல் அதைச் சாய்க்கின்றது. ஜனங்கள் புயலையே குறை கூறுகின்றனர்.

மகிழுக்கு அடிமரம் ஒன்றே. அது போனால் மரமே போயிற்று. ஆலமரம் அப்படியன்று. கல்கத்தாவையடுத்த சிப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பேராலை 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்கள் தாக்கின. அதன்பின் காளான் பற்றி அடிமரம் அழுகவே, 1925ல் அதனை அகற்றினர். தாயில்லாத அம்மரம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளின்மேல் நின்று இன்றும் பரவி வருகின்றது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தின் தோட்டத்திலுள்ள, சுமார் 450 வயதுடையதெனக் கூறப்படும் ஆலமரத்தின் அடிமரம் 1989ல் புயற்காற்றிற் சாய்ந்தது. ஊன்றிய விழுதுகளே மரத்தைக் காத்தன.

வடசென்னையில் மரங்களுக்கு நேரும் இடையூறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. உணவு தேடும் வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டடிக்குள்ளேயே பரவுகின்றன. அவற்றிற்குக் காற்று வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை பாரவண்டிகள் மண்ணை இறுக்குகின்றன; அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசப்படுகின்றது; குழாய்க்கும் கம்பிக்கும் பள்ளம் தோண்டுகையில் ஒருபுறத்து வேர்கள் அறுபடுகின்றன. 2016 டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் கரையேறியபோது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. ஒருபுறத்து வேரிழந்த மரம், பாய்மரத்தின் ஒருபுறத்துக் கயிறுகளை அறுத்துவிட்டதற்கு ஒப்பாகும்.

ஊர் ஆலமரத்திற்கு ஐக்கிய சங்கத்தார் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. தொங்கும் விழுதுகளை ஆடுமாடுகள் கடிக்கின்றன. பல்துலக்கவென்று அவற்றின் நுனியை ஒடிப்போரும் உளர். ஒடிந்த விழுது தரையை எட்டுவது அரிது. பெருங்கிளைகளின் கீழுள்ள நல்ல விழுதுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூங்கிலை நீளவாக்கிற் பிளந்து கணுக்களை நீக்கி, மண்ணும் மக்கிய எருவும் இட்டு, விழுதை உள்ளே விட்டுக் கயிற்றாற் கட்டி ஈரம் காத்துவந்தால், அது பத்திரமாகத் தரையை எட்டி ஊன்றும். அடிமரம் உறுதியாயிருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். மகிழ், வேம்பு முதலியவற்றிற்கு விழுதில்லையாதலால், தாய்மரம் நிற்கும்போதே பழம் உதிர்ந்தவுடன் புதிய விதைகளைப் பொறுக்கி நாற்று வளர்த்து, அருகே சிமெண்டு பூசாத திறந்த மண்ணில் நட்டு வேலியிடுதல் வேண்டும்.