தெருவில் எடுத்தது, மேசையில் தேறியது

அன்புள்ள மகளுக்கு,

ரங்கநாதன் தெருவில் தவறவிட்ட படத்தைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். பலூன்காரர் குனிந்த நொடியில் கேமரா பைக்குள் இருந்தது. அவரை மறுபடியும் குனியச் சொல்லி எடுத்திருந்தால் என்ன தப்பு என்று கேட்கிறாய். தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேண்டாம். இதற்கு நேர்மை, சத்தியம் என்று பெரிய காரணம் எதையும் இழுக்கப் போவதில்லை. நீயே ஏற்பாடு செய்த காட்சியில் உனக்கு ஏற்கெனவே தெரிந்தது மட்டும்தான் இருக்கும். தெருப்படத்தின் பலமோ, எடுத்தவருக்கே தெரியாமல் அதற்குள் வந்து சேர்ந்ததில் இருக்கிறது. அதைப் பிற்பாடு உட்கார்ந்து கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி.

ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படம் உனக்குத் தெரியும். தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டுகிறார். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. பின்சுவரில் ஒட்டிய விளம்பரத்திலும் ஓர் உருவம் அதேபோலத் தாவுகிறது. கணக்குப் போட்டு எடுத்த படம் என்றே தோன்றும். அவரோ பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தார். தாவுகிறவரைத் தான் பார்க்கவில்லை, வெறும் அதிர்ஷ்டம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். படத்தை வெட்டுவது பிடிக்காத மனிதர், இதில் ஓரத்தில் விழுந்த பலகையை வெட்டித்தான் அச்சிட்டார். விரல் பிடித்ததைக் கண் நெகட்டிவில்தான் கண்டது. ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் அமெரிக்காவைக் காரில் சுற்றி எடுத்தவை ஏறக்குறைய 28,000. ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் நின்றவை 83. முந்நூறுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஒதுக்கியவற்றில் நல்ல படங்களும் இருந்திருக்கும். அவற்றை விட மனம் வந்ததே, அதைத்தான் நான் திறமை என்பேன்.

எல்லாம் அதிர்ஷ்டமென்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே, இப்போதைய கேமரா ஒரு நொடிக்கு இருபது படம் தருகிறதே என்பாய். தரட்டும். இருபதும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் நின்று எடுத்தவை. எங்கே நிற்பது, எந்த வெயிலில் நிற்பது என்பதை அது சொல்லாது. இருபதில் எதை வைப்பது என்பதையும் சொல்லாது. எடுத்துக் குவித்தால் போதும் என்பதற்கு எதிர்ச்சாட்சி கேரி வினோகிராண்ட். எடுத்த நேரத்து உற்சாகம் படத்தை நல்லதாகக் காட்டிவிடும் என்று அவர் ஃபிலிமை நெடுநாள் கழுவாமலே வைத்திருப்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் 1984இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 கிடந்தன. அவற்றிலிருந்து மற்றவர்கள் பொறுக்கி எடுத்த படங்களை அவருடையவை என்று எவ்வளவு தூரம் சொல்வது? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஏற்பாடு செய்த படத்தை உலகமே கொண்டாடவில்லையா என்று ரொபேர் துவானோவைக் காட்டுவாய். 1950இல் ‘லைஃப்’ இதழுக்காகப் பாரிஸ் நகர்மன்றத்தின் முன் அவர் எடுத்த முத்தம், நடிப்புப் பயின்ற ஒரு ஜோடியைக் கேட்டுக்கொண்டு எடுத்தது என்பது 1990களில்தான் வெளியே தெரிந்தது. அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் என் கண் போய் நிற்பது, எதையும் கவனிக்காமல் பின்னால் நடந்துபோகும் தொப்பிக்காரரிடம். அவர் பாட்டுக்கு நடப்பதால்தான் முத்தத்தை நம்பத் தோன்றுகிறது.

சொல்லாமல் எடுப்பதைவிடக் கேட்டு நடிக்க வைப்பது மரியாதை என்று உன் அம்மா சொன்னாளாமே. இந்த ஆட்சேபத்தை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் ஃப்ளாஷைக் கட்டி, நடந்துபோனவர்களின் முகங்களைத் தூரத்திலிருந்து அவர்கள் அறியாமலே எடுத்தார். அப்படி எடுக்கப்பட்ட ஒருவர், இது தன் சமயத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006இல் தீர்ப்பு கலைஞர் பக்கம் வந்தது. அது அந்த ஊர்ச் சட்டம். சட்டம் விட்டாலும் அந்த மனிதரின் மனக்குறை பொய்யாகிவிடாது. ஆனால் கேட்டு எடுத்தாலும் ஒருவரைக் கேவலமாகக் காட்ட முடியும். அதனால் இங்கேயும் பொறுப்பு பொறுக்குகிற இடத்துக்கே வந்து சேருகிறது. நடைபாதையில் தூங்குகிறவர், அழுகிறவர், சேலை விலகியது தெரியாமல் சுமை தூக்குகிறவர் என்றால், படம் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் ஒதுக்கு.

எடுத்ததை ஒரு மாதம் திறக்காதே. பிறகு சின்னச் சின்னதாக அச்சிட்டு மேசையில் பரப்பி, நடுவை விட்டுவிட்டு ஓரங்களைப் பார். நீ எதிர்பாராதது பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். யாராவது வேண்டாம் என்று சொன்னால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடு. மற்றபடி தெருவில் நின்றுகொண்டு கேமராத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதே. மெமரி கார்டு நிரம்பிவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள், நான் தருகிறேன்.

உன் பெரியப்பா