ஆயாவின் முழங்கால்

தொண்டூர்,
செஞ்சி வட்டம்.

அன்புள்ள தம்பிக்கு,

கடுக்காய் வலியைப் போக்கும் என்று ஐதராபாத்தில் நிரூபித்துவிட்டார்கள், ஆயாவின் முழங்காலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மருந்தியல் படிக்கிற பிள்ளை இத்தனை அவசரப்படலாமா?

நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தார் 2015இல் வெளியிட்ட அந்த ஆய்வில் இருந்தவர்கள் நோயில்லாத 12 ஆண்கள். ஒருமுறை 1000 மி.கி. கடுக்காய்ச் சாறு, மறுமுறை வெற்றுக் காப்சூல். மூன்று மணி நேரம் கழித்துச் சூடான காற்றைப் பாய்ச்சி, வலி எப்போது தொடங்குகிறது, எதுவரை தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். கடுக்காய் இரண்டையும் சில நொடிகள் நீட்டியது. ஒழுங்காகச் செய்த ஆய்வுதான். ஆனால் அது சுட்ட தோலின் கணக்கு, நோவெடுக்கும் மூட்டின் கணக்கு அல்ல.

இந்தக் குழப்பம் பழையது. 1940இல் நியூயார்க்கில் ஹார்டி, வுல்ஃப், குடெல் மூவரும் தங்கள் நெற்றியிலேயே மை பூசி, விளக்கின் வெப்பத்தை மூன்று நொடி பாய்ச்சி வலியை அளந்தார்கள். ஆஸ்பிரினுக்கும் மார்ஃபினுக்கும் வலி தொடங்கும் வெப்ப அளவு ஏறியது. ஹார்வர்டில் ஹென்றி பீச்சர் குழுவினர் அதையே செய்து பார்த்தபோது, மார்ஃபினையும் வெற்று ஊசியையும்கூட அந்த முறை நம்பகமாகப் பிரித்துக் காட்டவில்லை.

பீச்சரை நீ படித்தே ஆகவேண்டும். நான் திரும்பத் திரும்பப் போவது அவரிடம்தான். இரண்டாம் உலகப்போரில் படுகாயமடைந்த வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டார். நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குக் காயம் என்றால் போர்முனையிலிருந்து விடுதலை என்று 1946இல் எழுதினார். வலி எதைக் குறிக்கிறது என்பதே அதன் கடுமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர் முடிவு. என் முடிவும் அதுவே. சூடான காற்றில் கை நீட்டுபவனுக்கு, போதும் என்றால் நிறுத்திவிடுவார்கள் என்று தெரியும். ஆயாவுக்கு யார் நிறுத்துவார்கள்? இரவெல்லாம் விழிப்பு, நாளைக்கு நடக்க முடியுமோ என்ற பயம், எல்லாம் அந்த முழங்காலில்தான் சேர்ந்து கிடக்கின்றன.

அதற்காக, சோதனைக்கென்று உண்டாக்கும் வலி வீண் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. மருந்து எத்தனை மணி நேரத்தில் வேலை செய்கிறது, எந்த அளவு போதும் என்று முதலில் பார்க்க அது உதவும். அடுத்த படி, கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் சோதிப்பது. அங்கே வலி நிஜம், மாத்திரை கேட்பதும் நிஜம். அதற்கும் அப்பால், மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு வாரக்கணக்கில் கொடுத்துப் பார்க்க வேண்டும். உன் கேள்விக்கு அப்படிப்பட்ட ஆய்வுதான் பதில் சொல்லும். தேடிப் படி.

ஆயா இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அட்டையைப் பார்த்து எழுதி அனுப்பு. அதுவரை கடுக்காய்ப் பொடியைக் கையில் எடுக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்