குழந்தையின் ஜலதோஷமும் மூச்சின் எண்ணிக்கையும்

கைக்குழந்தைகளுக்கு ஜலதோஷம் காண்பது மிகச் சாதாரணமான நிகழ்ச்சியாகும். 5 வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு ஓராண்டில் 6 முதல் 8 முறை வரை சளி பிடிக்கக்கூடும். பள்ளிக்குச் செல்லும் தமையனோ தமக்கையோ வீட்டில் இருப்பின் அவ்வெண்ணிக்கை மேலும் உயரலாம். இந்நோயை விளைவிக்கும் வைரஸ் வகைகள் 200க்கும் மேற்பட்டவை; அவற்றுள் ஒன்றை எதிர்த்து உடல் பெறும் காப்பு மற்றொன்றுக்கு உதவுவதில்லை. மூக்கொழுகல் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் அடங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு வாரமோ அதற்குச் சற்று மேலோ நீடிப்பதுண்டு. நீர்போல் ஒழுகிய சளி சில நாட்களில் கெட்டிப்பட்டு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் இயல்பே. நிறத்தைக் கண்டு மட்டும் அஞ்சுவதற்கோ, கிருமிக்கொல்லி மருந்து தேடுவதற்கோ காரணமில்லை.

ஆயினும், சில குழந்தைகளிடத்தில் நோய் மூக்கோடும் தொண்டையோடும் நில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றது. அதுவே நிமோனியா எனப்படுவது. இந்தியாவில் 5 வயது நிறையுமுன் குழந்தைகள் இறப்பதற்குரிய முக்கிய காரணங்களுள் அது இன்றும் ஒன்றாகும். சாதாரணச் சளியும் நிமோனியாவும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையவை: இருமல், காய்ச்சல், மூக்கடைப்பு, சிணுங்கல். "சளிதானே, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று குடும்பத்தினர் பொறுத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த இரண்டு நாட்களுக்குள்ளேயே குழந்தை கைமீறிப் போய்விடக்கூடும். ஆகவே, எந்தக் குழந்தையை வீட்டிலேயே வைத்துப் பேணலாம், எதனை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று பிரித்தறியும் வழி, கிராமத்தில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருத்தல் அவசியம். அவ்வழி மிக எளியது. குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

மூச்சை எண்ணுவதால் நுரையீரலின் நிலை எவ்வாறு புலப்படும் என்னும் வினா எழலாம். நுரையீரல் எண்ணற்ற நுண்ணிய காற்றறைகளாலான உறுப்பு. நிமோனியாவில் இவ்வறைகளுள் நீரும் சீழும் நிறைகின்றன. அப்பகுதி தன் மென்மையை இழந்து விறைத்துப்போகின்றது; ஆழ்ந்து மூச்சிழுக்க இயலுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் குறைந்த காற்றையே பெறும் குழந்தை, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டி அக்குறையை ஈடுசெய்ய முயல்கின்றது. நோய் மேலும் முற்றும்போது, விறைத்த நுரையீரலை விரிக்கும் பொருட்டு உதரவிதானம் பலங்கொண்டு இழுக்கின்றது. பெரியவர்களின் விலா எலும்புகள் உறுதியானவை. கைக்குழந்தையின் மார்புக்கூடோ குருத்தெலும்பு மிகுந்து வளைந்துகொடுப்பது. எனவே, மூச்சை உள்ளிழுக்கும்போது விரிய வேண்டிய மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிகின்றது. மூச்சு விரைவது முதல் எச்சரிக்கை. மார்பு குழிவது அதனினும் கடுமையான இரண்டாம் எச்சரிக்கை.

இவ்வடையாளங்கள் மருத்துவ உலகில் உரிய மதிப்பைப் பெற்றது 1980களில்தான். பாப்புவா நியூ கினியின் மலைநாட்டு நகரமான கொரோகாவில் ஃபிராங்க் ஷான் முதலிய மருத்துவர்கள், எக்ஸ்ரே வசதியில்லாத இடத்தில் நிமோனியாவை எவ்வாறு அறியலாம் என்று ஆராய்ந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலியோர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50க்கு மேற்பட்ட மூச்சும், அதற்கு மூத்த குழந்தைக்கு 40க்கு மேற்பட்ட மூச்சும் கீழ்ச்சுவாச உறுப்புக்களில் நோய் உண்டென்பதற்கு நம்பத்தக்க அறிகுறிகள் என்று காட்டிற்று. இன்று உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுச் சுகாதாரத் துறையும் கைக்கொள்ளும் அளவு இதுவே: 2 மாதம் நிறையாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஓராண்டு நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இவ்வெல்லையைத் தொட்டால் அது விரைந்த மூச்சாகும். இம்மூன்று எண்களையும் களப்பணியாளர் மனப்பாடமாக வைத்திருத்தல் நலம். சுவரில் ஒட்டிய படம் குழந்தையின் வீட்டுக்கு உடன் வருவதில்லை.

எண்ணும் முறையில் கவனம் தேவை. அழும் குழந்தையும் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையும் வேகமாகவே மூச்சுவிடும். ஆதலால் அது அமைதியாக இருக்கும்போதுதான் எண்ண வேண்டும். தாயின் மடியில் உறங்கும் நேரமே மிகப் பொருத்தமானது. சட்டையை மார்புக்கு மேல் விலக்கி, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. வினாடி முள் உள்ள கடிகாரத்தையோ கைப்பேசியையோ ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் எண்ணுவது எளிது. முழுமையாக 60 வினாடி எண்ணுதல் வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பணியாளர் பலரிடம் காணப்படுகின்றது, இது விலக்கத்தக்கது. சிசுக்களின் மூச்சு சீரானதன்று. சில வினாடி விரைந்தும் சில வினாடி நின்றும் போகும். 15 வினாடியில் நேரும் ஒரு பிழை, பெருக்கும்போது நான்கு பிழையாகிவிடும். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60 என்று வந்தால் மறுமுறையும் எண்ணி உறுதிசெய்ய வேண்டும்.

எழுத்தறிவில்லாதவர்களாலும் இதனைச் செய்ய இயலும் என்பது மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியிலுள்ள கட்சிரோலி மாவட்டத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. காடும் மலையும் சூழ்ந்த அம்மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர் 1988ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பேறு பார்க்கும் மூதாட்டிகளுக்கும் மூச்சை எண்ணி நிமோனியாவைக் கண்டறியவும், மாத்திரை கொடுக்கவும் பயிற்சியளித்தனர். நூறு வரை எண்ணத் தெரியாத அம்மூதாட்டிகளுக்கென்று பின்னர் ஒரு கருவியும் செய்யப்பட்டது. அதில் ஒரு நிமிட மணற்கடிகாரமும் மணிகளும் உண்டு. 10 மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் முழுதும் வடியுமுன் கடைசி மணி தள்ளப்பட்டுவிட்டால் குழந்தைக்கு நிமோனியா. 1990ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, முயற்சி நடைபெற்ற 58 கிராமங்களில் நிமோனியாவால் நேர்ந்த மரணம் 5 வயதுக்குட்பட்ட 1000 குழந்தைகளுக்கு 8.1, ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்ட 44 கிராமங்களில் 17.5. விலையுயர்ந்த சாதனம் எதுவும் அங்கே பயன்படவில்லை.

மூச்சின் எண்ணிக்கை எல்லைக்குட்பட்டிருப்பினும், வேறு சில அறிகுறிகள் தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தல், உட்கொண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், மூச்சுவிடும்போது மூக்குத்துளை விரிதல், முனகல், உதடும் நாக்கும் நீலம் பாய்தல் ஆகியவை அவை. 2 மாதத்துக்குட்பட்ட சிசுவின் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அச்சிசுவுக்கு உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், 35.5 டிகிரிக்குக் கீழ் தணிந்தாலும், பால் குடிப்பது குறைந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். உடல் குளிர்ந்து கிடக்கும் சிசுவைக் கண்டு 'காய்ச்சல் விட்டது' என்று மகிழ்வது பெரும் ஆபத்தாக முடியக்கூடும்.

பொதுமக்கள் இவ்வறிகுறிகளை அறியாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. வட இந்தியக் கிராமங்களில் நிமோனியாவை 'பஸ்லி சல்னா' என்பர். விலா எலும்பு ஓடுதல் என்பது அதன் பொருள். மார்பு குழிவதைத் தாய்மார்கள் நெடுங்காலமாகக் கண்டு பெயரும் இட்டிருக்கின்றனர். அறிந்த பின் செய்வதிலேதான் கேடு விளைகின்றது. மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில், நிமோனியா கண்ட 3 மாதப் பெண் குழந்தையின் வயிற்றில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஐம்பதுக்கு மேற்பட்ட சூடுகள் போடப்பட்டு, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்குழந்தை உயிரிழந்தது. இத்தகைய வழக்கம் உள்ள இடங்களில் பெற்றோரைக் கடிந்து பேசுவதால் பயனில்லை. அவர்கள் தரும் பெயரையே ஏற்று, "விலா ஓடுகிறதென்றால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று கூறுவதே விரைவில் பலன் தரும்.

சூடு போடுவதைக் கண்டிக்கும் நகரத்தார் இருமல் சிரப்பை மட்டும் ஐயமின்றிப் புகட்டுகின்றனர். சளிக்கான மருந்துகள் கைக்குழந்தையின் நோய்க்காலத்தைக் குறைப்பதில்லை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்த இருமல் சிரப்பால் சிறுநீரகம் கெட்டு 20க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அதனையொட்டி, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித்தரவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது. மூக்கில் எண்ணெய் விடுவதும் தீங்கானது. அது நுரையீரலுக்குள் சென்று தங்கித் தனியொரு நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரம் சிசுவுக்கு வலிப்பை வருவிக்கும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கது சிறிதே. கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சுவிடுவதால், மூக்கடைத்தால் அதனால் தொடர்ந்து பால் குடிக்க முடிவதில்லை. பாலூட்டுமுன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்த் துளியை மூக்கிலிட்டு, மென்துணியைத் திரியாக முறுக்கித் துடைத்தெடுக்கலாம். பின்னர் சிறிது சிறிதாகப் பன்முறை பாலூட்ட வேண்டும். குளிர் தாக்காமல் போர்த்தலாம். மூச்சைப் பார்க்கவியலாதபடி மூட்டையாகக் கட்டலாகாது. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அக்குழந்தையை அணுகக்கூடாது.

இரண்டு வாரம் கடந்தும் இருமல் நீங்காத குழந்தையை, அது விளையாடிக்கொண்டிருந்தாலும், மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வீட்டில் காசநோயாளி எவரேனும் உண்டா என்பதை முதலில் விசாரித்தல் நன்று. தடுப்பூசி முற்றுப்பெறாத சிசுவாயின் கக்குவான் இருமலாக இருக்கலாம். மிக இளஞ்சிசுவிடம் கக்குவானுக்குரிய 'கூவும்' ஓசை கேளாமல், இடையிடையே மூச்சு நின்றுபோவது மட்டுமே தோன்றக்கூடும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, எடை ஏறாமல், அடிக்கடி மார்புச்சளி காணும் குழந்தைக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருத்தல் கூடும்.

ஆசிரியர்கள் இதனைச் சுகாதாரப் பாடத்தோடு இணைக்கலாம். ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணி, ஓடி வந்த பின் மீண்டும் எண்ணிக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும். அன்று மாலையே உறங்கும் தம்பி தங்கையரின் மூச்சை எண்ணி வருமாறு சொல்லலாம். தாய் வயலுக்குச் சென்ற வீடுகளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இச்சிறுவர் சிறுமியரே.

மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஸான்ஸ்' இயக்கம் (இந்தியில் மூச்சு என்று பொருள்) இப்பணியை ஆஷா பணியாளர்களிடம் ஒப்படைத்துள்ளது. அபாய அறிகுறியுள்ள குழந்தையை அனுப்புமுன் முதல் வேளை அமாக்ஸிசிலின் மருந்தைக் கொடுக்க அவர்களுக்கு இடமுண்டு. நிமோனியாவுக்குரிய இரு முக்கிய பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் அரசு நிலையங்களில் இலவசமாகவே போடப்படுகின்றன: ஹிப் கிருமிக்கானது ஐந்து நோய்த் தடுப்பூசியில் 6, 10, 14ஆம் வாரங்களில், நியுமோகாக்கஸ் கிருமிக்கானது 6, 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும். நோயுற்ற குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சையும், போய்வர வாகனமும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம். செலவுக்கு அஞ்சி விடியும் வரை காத்திருக்கும் குடும்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. மாத்திரை பெற்று வீடு திரும்பிய குழந்தையின் மூச்சைக் களப்பணியாளர் இரண்டாம் நாள் மீண்டும் சென்று எண்ண வேண்டும். எண்ணிக்கை குறையாதிருப்பின் மறுபடியும் மருத்துவமனைக்கே அனுப்புதல் வேண்டும்.