மண்ணுக்கடியில் இருந்த காடு

ஆப்பிரிக்காக் கண்டத்தில், சகாராப் பாலைவனத்தின் தென் ஓரத்தில், நைஜர் என்னும் நாடு இருக்கிறது. நம் மானாவாரிக் குடியானவர்கள் விதைக்கும் அதே கம்புதான் அங்கும் பிரதான தானியம்.

அந்நாட்டின் மராடிப் பகுதிக்கு, 1981-ஆம் ஆண்டில், டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய மிஷனரி தம் மனைவியுடன் வந்து சேர்ந்தார். அவர் கண்டது மொட்டைப் பூமி. மரமில்லாதபடியால் காற்று மணலை வாரி வந்து இளம் பயிரை மூடிவிடும். குடியானவன் மறுபடி விதைப்பான். ஒரே பருவத்தில் மூன்று நான்கு தடவை விதைக்க நேர்வதும் உண்டு. பெண்கள் விறகுக்காக மைல் கணக்கில் நடந்தார்கள். விறகு கிடையாத வீட்டில் சாணமும் கம்பந்தட்டையும் அடுப்புக்குப் போகவே, வயலுக்கு எருவும் இல்லாமற்போயிற்று.

மரங்கள் அழிந்ததற்குப் பஞ்சமும் ஜனப்பெருக்கமும் காரணங்கள்தாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வந்த சட்டப்படி, மரம் சர்க்காருடையது. தன் சொந்த நிலத்தில் நின்ற மரத்தையே அனுமதியின்றி வெட்டினால் அபராதம். தனக்கு உரிமையில்லாத மரத்தை எவன் பேணி வளர்ப்பான்? முளைக்கும்போதே வெட்டி எறிவது வம்பில்லாத காரியமாயிற்று. காப்பதற்கென்று வந்த சட்டமே மரத்திற்கு வினையாக முடிந்தது!

ரினாடோ கன்றுகள் நட்டார். பெரும்பாலானவை பட்டுப்போயின. (நட்ட அன்றோடு மறக்கப்படும் கன்றுகளை நாமும் பார்த்திருக்கிறோம்.) 1983-இல் ஒருநாள், மணற்பாதையில் வண்டி புதையாதிருக்கும்பொருட்டுச் சக்கரங்களின் காற்றைக் குறைக்க இறங்கியவர், அருகிலிருந்த ஒரு புதரை உற்றுநோக்கினார். இலையைக் கண்டதும், அது புதரன்று, வெட்டுண்ட மரத்தின் தூரிலிருந்து கிளம்பிய தளிர் என்பது விளங்கிற்று. அப்படிப்பட்ட தூர்கள் வயலெங்கும் இருந்தன. ஆண்டுதோறும் உழவுக்குமுன் அவற்றை வெட்டிப்போடுவதே வழக்கம்.

செய்யவேண்டியது எளிது. தூரில் கிளம்பும் பல தளிர்களில் நேரான, திடமான சிலவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றை அறுத்துவிட வேண்டும். விட்டவற்றிலும் கீழ்ப்பாதியிலுள்ள பக்கக் கிளைகளைக் கழிக்க வேண்டும். பிறகு ஆடுமாடும் நெருப்பும் அண்டாமல் காக்க வேண்டும். வேர் முன்னமே ஆழத்தில் இருப்பதால் தண்ணீர் ஊற்றவேண்டிய அவசியமில்லை. கழித்த குச்சிகளோ அன்றைக்கே அடுப்புக்கு உதவும்.

ஆயினும் ஜனங்கள் முதலில் அவரைப் பைத்தியக்காரர் என்றே எண்ணினார்கள். 1984-இல் கடும் பஞ்சம் வந்தபோது, ஹெக்டேருக்கு 40 மரங்கள் விடுவோருக்குத் தானியம் கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. மழை திரும்பித் தானியம் நின்றதும் பெரும்பாலோர் மரங்களை வெட்டிவிட்டார்கள். விட்டுவைத்த சிலருடைய வயல்களில் விளைச்சல் குறையக் காணோம், கூடவே செய்தது. உள்ளூர் வன அதிகாரிகளும், வளர்த்தவனே வெட்டிக்கொள்ளலாம் என்று இணங்கினார்கள். அதன்பின் அயலான் வயலைப் பார்த்தே ஒவ்வொருவராகக் கற்றுக்கொண்டார்கள். சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் நின்றதை, விண்ணிலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

அம்மரங்களுள் ‘காவோ’ என்பது நம் வேலமரத்தின் உறவு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் கோடையில் தழைக்கும் விநோத சுபாவம் அதற்கு. ஆகவே கம்பு வளரும் மாதங்களில் நிழல் தட்டாது. உதிர்ந்த தழை எருவாகும். புல் கருகிய மாதங்களில் அதன் காய்கள் ஆடுமாடுகளுக்குத் தீனியாகும்.