பெரிய பிஸ்டன் போட்டால் போதுமா?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை தரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கவிதைக்கு நம் கல்லூரியில் ஆள் நிறைய உண்டு. அதனால் நான் ஒரு தப்பு செய்து கற்றுக்கொண்ட பாடத்தை எழுதுகிறேன். ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷனில் பேண்ட், சர்வோ என்று நம் பாடத்தில் ஒரு பத்தி வருமே, அதுதான் விஷயம். பரீட்சையில் "படத்துடன் விளக்குக" என்று கேட்பார்கள். படம் போட்டுவிடுவோம். ஆனால் ஒரு வண்டிக்கு எந்த சர்வோவைப் போடுவது என்று கேட்டால் என்ன சொல்வோம்?

ஒரு வேகமான டிரக்

அமெரிக்காவில் டிரக் என்றால் நம் ஊர் லாரி மட்டும் அல்ல. பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டியையும் அப்படித்தான் சொல்வார்கள். 1991-ல் ஜி.எம்.சி. நிறுவனம் சைக்ளோன் என்று ஒரு பிக்கப்பை விட்டது. 4.3 லிட்டர் வி-6 எஞ்சின், டர்போ, 280 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். டார்க் சுமார் 475 நியூட்டன் மீட்டர். சுமை ஏற்ற அல்ல, பறக்கவே செய்த வண்டி.

அதில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு வேக ஆட்டோமேடிக் பெட்டி. 1982-ல் 700ஆர்4 என்ற பெயரில் வந்தது. 1990-ல் 4எல்60 என்று பெயர் மாறியது. 1993 முதல் மின்னணுக் கட்டுப்பாட்டோடு 4எல்60-இ ஆனது. கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. இந்தக் குடும்பத்துப் பெட்டி வைத்த டிரக்குகளில் எஞ்சின் சக்தியைக் கூட்டுகிறவர்கள், அடுத்த வேலையாகத் தேடுவது பெரிய சர்வோவைத்தான்.

சர்வோ செய்யும் வேலை

பெட்டிக்குள் ஒரு டிரம் சுற்றுகிறது. அதைச் சுற்றி லைனிங் ஒட்டிய இரும்புப் பட்டை இருக்கிறது. அதுதான் பேண்ட். ஒரு முனை அசையாமல் நிற்கும். மறு முனையை ஒரு பின் தள்ளும். அந்தப் பின்னைத் தள்ளுகிற பிஸ்டன்தான் சர்வோ.

இந்தப் பெட்டியில் ஒரே பேண்ட் 2-ஆம் கியருக்கும் 4-ஆம் கியருக்கும் டிரம்மைப் பிடிக்கிறது. 1-லும் 3-லும் விட்டுவிட வேண்டும். 3-ஆம் கியருக்கு மாறும்போது, 3-4 கிளட்சுக்குப் போகும் ஆயிலே சர்வோ பிஸ்டனின் மறுபக்கத்துக்கும் போய், ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 4-ஆம் கியரில் இன்னொரு பிஸ்டன் உதவிக்கு வந்து மறுபடி பிடிக்க வைக்கிறது. ஆக, சர்வோவுக்குப் பிடிக்கவும் தெரிய வேண்டும், நேரத்துக்கு விடவும் தெரிய வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

விசை = அழுத்தம் × பரப்பளவு. இது நமக்கு மனப்பாடம். கணக்குக்காக 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 10 பார், அதாவது சதுர மி.மீ.க்கு 1 நியூட்டன். விசை 1963 நியூட்டன். விட்டத்தை 60 ஆக்கினால் 2827 நியூட்டன். விட்டம் 20 சதவீதம் கூடியது, விசை 44 சதவீதம் கூடிவிட்டது! பம்பை மாற்றவில்லை, அழுத்தத்தைக் கூட்டவில்லை. பெரிய சர்வோ மேல் எல்லோருக்கும் ஆசை வருவது இதனால்தான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிஸ்டன் 3 மி.மீ. நகர வேண்டுமென்றால், சிறியதற்கு 5.9 மி.லி. ஆயில் போதும். பெரியதற்கு 8.5 மி.லி. வேண்டும். விசை எவ்வளவு கூடியதோ அதே 44 சதவீதம் ஆயிலும் கூடுதலாகக் கேட்கிறது. இந்த இரண்டாவது கணக்கை நான் போடாமல் விட்ட கதையைச் சொல்கிறேன்.

என் அப்பாவின் வேன்

என் அப்பா லோடு வேன் ஓட்டுகிறார், மஞ்சள் மூட்டை அடிக்கிற வேலை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். போன வருஷம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். "ஃபோர்ஸ் பத்தலை, பெரிய வீல் சிலிண்டர் போட்டாப் போச்சு" என்றேன். படித்த பையன் சொல்கிறான் என்று அவரும் மறுபேச்சு பேசவில்லை. லீவில் நான் வேலை பழகிய ஒர்க்‌ஷாப்பில், பின் சக்கரம் இரண்டுக்கும் நானே மாற்றினேன்.

மறுநாள் மண்டி வாசலில் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. மாஸ்டர் சிலிண்டர் பழையதுதானே! பெரிய சிலிண்டர் கேட்கிற ஆயிலைத் தர, கால்தான் அதிக தூரம் போக வேண்டும். வண்டி சுவரில் உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை. கழற்றிப் பார்த்தபோது உண்மைக் காரணம் தெரிந்தது. லைனிங் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அப்பா திட்டவில்லை. "எனக்குக் கணக்குத் தெரியாது கண்ணு. கழட்டிப் பாத்தியான்னு மட்டுந்தான் கேக்கறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் எப்படித் தேர்வு செய்வது?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சர்வோ பாடத்தை மறுபடி படித்தேன். தேர்வு இந்த வரிசையில் போக வேண்டும் என்று புரிந்தது.

1. முதலில் நோயைக் கண்டுபிடி. 1-லிருந்து 2-க்கு மாறும்போது எஞ்சின் இரைந்து நழுவுகிறதா? அப்போதுதான் சர்வோவைச் சந்தேகிக்கலாம். 3-ஆம் கியர் நழுவினால் அது 3-4 கிளட்சின் கோளாறு. இந்தப் பெட்டியில் அடிக்கடி கருகுவது அதுதான். எவ்வளவு பெரிய சர்வோ போட்டாலும் அது குணமாகாது. ஆயில் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கருகிய வாசனை வந்தால் பேண்டையும் டிரம்மையும் பார்க்காமல் சர்வோவை மட்டும் மாற்றிப் பயனில்லை.

2. எந்த கியருக்கு? 2-ஆம் கியர் பிஸ்டன் வேறு, 4-ஆம் கியர் பிஸ்டன் வேறு. பந்தயத்தில் முழு மிதியில் 2-க்கு மாறுகிறவருக்கு முதலாவது முக்கியம். முழு மிதியிலேயே 4-க்கும் மாறுகிறவர் இரண்டாவதையும் பார்க்க வேண்டும்.

3. எந்த வகை? கார்வெட் காருக்கென்று அதே கம்பெனி செய்த பெரிய 2-ஆம் கியர் பிஸ்டன் டிரக் பெட்டியிலும் பொருந்தும். விலையும் குறைவு. ஓரளவு சக்தி கூட்டிய டிரக்குக்கு அது போதும். அதற்கும் மேலே போகிறவர்களுக்குக் கட்டி அலுமினியத்தில் கடைந்த பிஸ்டன்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. எதுவானாலும் அதற்குரிய உட்கூடு, சீல் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்க வேண்டும்.

4. பின் நீளம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பின் குட்டையானால் பேண்ட் பிடிக்குமுன் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும், கியர் விழத் தாமதமாகும். நீளமானால் விட வேண்டிய நேரத்திலும் பேண்ட் டிரம்மை உரசிக்கொண்டே இருந்து கருகும். அதனால்தான் கம்பெனியே பல நீளங்களில் பின் தருகிறது. அளந்துதான் போட வேண்டும்.

5. அடுத்து உடையப்போவது எது? பிடி இறுகினால் 2-ஆம் கியர் 'டக்'கென்று விழும். அந்த அதிர்ச்சி சன் கியரைச் சுழற்றும் ஷெல்லுக்குப் போகும். இந்தப் பெட்டியில் அது பலவீனமான பாகம். ஒரு ஓட்டையை அடைத்தால் தண்ணீர் அடுத்த ஓட்டையைத் தேடும். எனவே சக்தியை அதிகம் கூட்டுகிறவர், பெட்டியைப் பிரிக்கும்போது பலப்படுத்திய ஷெல்லையும் சேர்த்துப் போடுவது நல்லது.

சர்வோ பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் கீழே இறக்காமலே மாற்றலாம். சுலபம் என்பதாலேயே பலர் யோசிக்காமல் மாற்றுகிறார்கள். நான் வீல் சிலிண்டரை மாற்றியதும் அப்படித்தான்.

தோழர்களே, நம் லேபில் இருப்பது குறுக்கே வெட்டி வைத்த சாதாரண கியர் பெட்டிதான். சைக்ளோனை நம்மில் எத்தனை பேர் பார்ப்போமோ தெரியாது. ஆனால் நாளைக்கு ஒருவர் நம்மை நம்பிச் சாவியைக் கொடுப்பார். அவருக்குச் சூத்திரம் தெரியாது, நமக்குத் தெரியும் என்று நம்புவார். விசைக் கணக்கோடு ஆயில் கணக்கையும் போடுங்கள். அதற்கும் முன்னால் கழற்றிப் பாருங்கள்.

அப்பாவின் வேனுக்குப் பழைய அளவு சிலிண்டரையும் புது லைனிங்கையும் நானே போட்டேன். முதல் ஓட்டம் நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனது. இப்போது பெடல் பாதிக்கு வருமுன்பே வண்டி நிற்கிறது.